புண்ணாற்றும் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்த நாள். சிறுவர் சிறுமியர் புத்தாடை அணிந்து மேடையேறக் காத்திருக்கும் இவ்வேளையில், கொலையைப் பற்றியும் கண்ணீரைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று பலமுறை எண்ணிப் பார்த்தோம். ஆயினும் நம் குடியிருப்பில் கடந்த சில வாரங்களாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. மாடிப்படிகளிலும் காய்கறி வண்டியருகிலும் கோயில் பிராகாரத்திலும் அதே பேச்சுத்தான். அதனை வெளிப்படையாகப் பேசித் தீர்ப்பதற்கு இந்த அவையைவிடத் தக்க இடம் வேறில்லை.

வழக்கு இதுதான். நம் குடியிருப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவர் நால்வர், தம் கல்லூரிக் குழுவினருடன் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டுக்குச் செல்ல விரும்புகின்றனர். 1994-ஆம் ஆண்டில் அங்கே ஓர் இனப்படுகொலை நடந்தது. அதன் புண்ணை ஆற்றிக்கொண்டு மக்கள் எவ்வாறு மீண்டும் ஒன்றாக வாழ முயல்கின்றனர் என்பதைக் காணவும், தம்மால் இயன்ற தொண்டைச் செய்யவும் அவர்கள் போக நினைக்கின்றனர். பெற்றோர் தயங்குகின்றனர். பயணச் செலவில் ஒரு பகுதியைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து தர வேண்டும் என்ற விண்ணப்பமும் செயற்குழுவின் முன் இருக்கிறது.

தயக்கங்கள் மூன்று. அவ்வளவு தொலைவு ஏன் செல்ல வேண்டும் என்பது ஒன்று. இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் அங்கே என்ன செய்துவிட முடியும் என்பது மற்றொன்று. மயானத்தைப் பார்க்கப் பிள்ளைகளை அனுப்புவது முறையா என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காண முயல்வோம்.

முதலில், அங்கே நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ருவாண்டா சிறிய நாடு. கேரளத்தைவிடவும் சிறியது. ஆயிரம் குன்றுகளின் நாடு என்பது அதன் செல்லப் பெயர். குன்றின் சரிவுகளில் வாழைத் தோட்டமும் அவரைப் பாத்தியும் தேயிலையும் காப்பியும் பசுமையாகப் படர்ந்திருக்கும். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை ஒரு கோடியே 32 இலட்சம். ஹூட்டு, டூட்சி, துவா என மூன்று பிரிவினர் அங்கே உள்ளனர். மூவர்க்கும் மொழி ஒன்றே. கிண்யருவாண்டா என்பது அதன் பெயர். வழிபடும் கோயில் ஒன்றே. வாழும் குன்றும் ஒன்றே. பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். மாடு வளர்ப்பவர், நிலம் உழுபவர் என்ற வேறுபாடு பண்டு இருந்தது. அரசவையில் ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஆனால் அது கல்லில் வெட்டிய எழுத்தாக இருக்கவில்லை.

அதனைக் கல்லெழுத்தாக்கியவர் ஐரோப்பியர். முதலில் ஜெர்மானியரும் பின்னர் பெல்ஜியரும் அந்நாட்டை ஆண்டனர். 1930-களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவர்க்கும் அடையாள அட்டை வழங்கி, அதில் அவர் இன்ன இனத்தவர் என்று பொறித்தது. டூட்சிகளை உயர்த்திப் பதவி தந்தது. விடுதலை நெருங்கிய காலத்தில் தராசைத் திருப்பி ஹூட்டுகளின் பக்கம் சாய்ந்தது. 1959-இல் வன்முறை மூண்டு, டூட்சிகள் பல்லாயிரவர் அண்டை நாடுகளுக்கு ஓடினர். 1962-இல் நாடு விடுதலை பெற்றது. அட்டை மட்டும் ஒழியவில்லை. ஓடியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து படை திரட்டி 1990-இல் எல்லையைக் கடந்தனர். போர் மூண்டது. 1993-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் அதே ஆண்டில் ஒரு தனியார் வானொலி நிலையமும் தோன்றியது. பாட்டும் நகைச்சுவையும் கலந்து அந்த வானொலி நாள்தோறும் நஞ்சை ஊட்டியது. டூட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்தது. மனிதனைப் பூச்சி என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, அடுத்து நசுக்கு என்று சொல்வது கடினமாக இருக்கவில்லை.

1994 ஏப்ரல் 6-ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ஹபியாரிமானா வந்த விமானம் தலைநகர் கிகாலியின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே கொலை தொடங்கியது. சாலைகளில் தடைகள் முளைத்தன. அடையாள அட்டையைக் காட்டு என்றனர். அட்டையில் இருந்த ஒரு சொல்லே உயிரா சாவா என்பதை முடிவு செய்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பத்து இலட்சத்தைத் தாண்டும் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. மடிந்தோரில் மிகப் பெரும்பாலோர் டூட்சிகள். கொலையை எதிர்த்த ஹூட்டுகளும் அவர்களோடு வெட்டுண்டனர். புகலிடம் என நம்பி நுழைந்த தேவாலயங்களே கொலைக்களங்களாயின. வெட்டியவர் பெரும்பாலும் அயலார் அல்லர். அடுத்த வீட்டார், உடன் படித்தோர், பாடம் சொன்ன ஆசிரியர், சில இடங்களில் சமய குருமாரும்கூட.

உலகம் என்ன செய்தது? ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படை அங்கே இருந்தது. கொலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21-ஆம் நாள், ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட அப்படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. கனடா நாட்டுத் தளபதி டல்லேர் உதவிக்குக் கதறியும் பயனில்லை. ஜூலை மாதத்தில் டூட்சி அகதிகளின் படை தலைநகரைக் கைப்பற்றிய பின்னரே கொலை ஓய்ந்தது. அந்தப் படையினரும் குடிமக்கள் பலரைப் பழிவாங்கிக் கொன்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்துயரைப் பற்றி அந்நாட்டில் உரக்கப் பேசுவது இன்றும் எளிதன்று.

பெரியோர்களே! கொலை ஓய்ந்த மறுநாளை எண்ணிப் பாருங்கள். கொன்றவனும் பிழைத்தவளும் அதே குன்றில், அதே கிணற்றடியில். வேறு நாடு இல்லை. வேறு நிலமும் இல்லை. சிறைகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டனர். இருந்த நீதிமன்றங்கள் அவ்வளவு பேரையும் விசாரித்து முடிக்க நூறாண்டு ஆகும் என்று கணக்கிட்டனர். ஆகவே மூன்று வழிகளில் முயன்றனர்.

முதல் வழி, உலக நீதிமன்றம். ஐ.நா. சபை தான்சானியாவின் அருஷா நகரில் தனி நீதிமன்றம் ஒன்றை நிறுவியது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள், தாபா என்ற ஊரின் தலைவராக இருந்த அகயேசு என்பவரைக் குற்றவாளி என்று அது தீர்ப்பளித்தது. இனப்படுகொலை என்ற குற்றத்துக்காக ஓர் அனைத்துலக நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. பெண்களின் மீது நிகழ்ந்த பாலியல் கொடுமையும் இனத்தை அழிக்கும் கருவியாகலாம் என்பதை அத்தீர்ப்பு உலகுக்கு எடுத்துரைத்தது. அந்த மூன்று நீதிபதிகளுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ்வழிப் பெண்மணி. நஞ்சூட்டிய வானொலிக்காரர்களை விசாரித்து 2003-இல் தீர்ப்பளித்த அவைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஊரைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் வழி வந்தவர், மற்றொரு மக்களின் கண்ணீருக்குச் சட்டத்தில் இடம் தேடிக் கொடுத்தார். அவ்வளவு தொலைவு ஏன் என்று கேட்போர்க்கு இது ஒரு விடை.

இரண்டாவது வழி, ஊர் மன்றம். கச்சாச்சா என்பது அதன் பெயர். புல்வெளி என்று பொருள். நம் ஊர் மரத்தடிப் பஞ்சாயத்தைப் போன்றது. மக்களே தேர்ந்தெடுத்த நேர்மையாளர்கள் நீதிபதிகளாக அமர்ந்தனர். 2005-இல் நாடு முழுவதும் பரவி, 2012 ஜூன் மாதத்தில் முடிவதற்குள், ஏறத்தாழ 12,000 மன்றங்கள் ஏறக்குறைய இருபது இலட்சம் வழக்குகளை விசாரித்தன. உண்மையை ஒப்புக்கொண்டவர்க்குத் தண்டனை குறைந்தது. உடலை எங்கே புதைத்தாய் என்ற கேள்விக்குப் பலர்க்கு முதன்முதலாக விடை கிடைத்தது. குறைகளும் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்க்கு வழக்கறிஞர் இல்லை. பொய்ச் சாட்சியும் புகுந்தது. வென்ற படையின் குற்றங்கள் அம்மன்றங்களில் பேசப்படவே இல்லை. குறையுடைய நீதிதான். ஆனால் நிறைவான நீதிக்குக் காத்திருந்தால் நீதியே கிடைத்திராது என்பார் உண்டு. இரண்டும் எண்ணத் தக்கவை.

மூன்றாவது வழியே நம் மாணவர்க்கு நெருக்கமானது. மனிதர் மனிதரோடு உட்கார்ந்து புண்ணை ஆற்றும் வழி அது. 2005-இல் பியும்பா பகுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. 'என்னைக் குணப்படுத்து, நான் உன்னைக் குணப்படுத்துகிறேன்' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் இட்டனர். பத்துப் பதினைந்து பேர் வாரந்தோறும் வட்டமாக அமர்வர். அவ்வட்டத்தில் கணவனை இழந்தவளும் இருப்பாள்; கணவனைச் சிறைக்கு அனுப்பியவளும் இருப்பாள். முதல் வாரத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. இங்கே அச்சமின்றி உட்கார முடியுமா என்பதுதான் முதற்பாடம். நம்பிக்கை அதற்குப் பின். நினைவு அதற்கும் பின். அந்நாட்டார் மன அதிர்ச்சிக்கு வழங்கும் சொல், அச்சத்தால் மூச்சு முட்டுதல் என்ற கருத்தைத் தருவது. மூச்சு முட்டியவர்க்கு முதலில் வேண்டுவது காற்றே, அறிவுரை அன்று.

மாணவர் செய்தவற்றையும் கூற வேண்டும். 1996-இல் பூத்தாரே பல்கலைக்கழகத்தில் பயின்ற, பெற்றோரை இழந்த மாணவர்கள் ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் தமக்குள்ளேயே குடும்பங்களை அமைத்துக்கொண்டனர். ஒரு மாணவர் தந்தை, ஒரு மாணவி தாய், மற்றவர் பிள்ளைகள். தந்தைக்கும் இருபது வயது, மகனுக்கும் இருபது வயது. பட்டமளிப்பு நாளில் பெற்றோர் இருக்கையில் வந்து அமர ஒருவர் வேண்டுமே! நோயுற்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டுமே! திருமணத்தில் பெண் வீட்டாராக நிற்க ஒருவர் வேண்டுமே! அந்த இடங்களை அவர்களே நிரப்பிக்கொண்டனர். ஊரும் உறவும் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, அடுத்த வீட்டாரையே மாமா என்றும் அத்தை என்றும் அழைத்து வாழும் நமக்கு இதன் அருமை தெரியும்.

1997 மார்ச் 18-ஆம் நாள் இரவு, நியாங்கே என்ற ஊர்ப் பள்ளியில் மாணவர் படித்துக்கொண்டிருந்தனர். காட்டிலிருந்து வந்த ஆயுதக்காரர் வகுப்பில் நுழைந்து, ஹூட்டுகள் ஒரு புறமும் டூட்சிகள் ஒரு புறமும் பிரிந்து நில்லுங்கள் என்றனர். பிரிந்தால் பாதிப் பேர் பிழைப்பர். மாணவர் பிரியவில்லை. நாங்கள் அனைவரும் ருவாண்டா நாட்டவரே என்றனர். சுட்டனர். சிலர் மடிந்தனர், பலர் உறுப்பிழந்தனர். அந்த மாணவர்களை அந்நாடு இன்று தேசிய வீரர் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. இருபது வயதுப் பிள்ளைகள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டோமே! பள்ளிப் பிள்ளைகள் செய்ததை இதோ கேட்டோம்.

இனி, தொண்டுப் பயணம் என்ற கருத்துக்கு வருவோம். இது புதியதன்று. முதல் உலகப் போர் முடிந்த பின், ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் என்பவர், 1920-இல் வெர்தூன் போர்க்களத்தின் அருகே இடிந்த சிற்றூர் ஒன்றைக் கட்டியெழுப்பப் பல நாட்டு இளைஞரை அழைத்துச் சென்றார். பகை நாடான ஜெர்மனியிலிருந்தும் சிலர் வந்தனர். அதே செரசோல், 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் நம் நாட்டுக்கும் தோழர்களுடன் வந்து, சிற்றூர்களைத் திரும்பக் கட்ட மண் சுமந்தார்.

இனப்படுகொலைக்குப் பின் இவ்வழியை மேற்கொண்டவருள் முதன்மையானவர் ஜெர்மனியின் லோதர் கிரைசிக். அவர் ஒரு நீதிபதி. தம் காப்பில் இருந்த மனநோயாளிகள் ஒவ்வொருவராக மறைவதைக் கண்டு, 1940-இல் ஹிட்லர் ஆட்சியின் மீதே கொலைக்குற்றம் சாட்டிப் பதவி இழந்தவர். 1958-இல் அவர் விடுத்த அழைப்பின் கருத்து எளியது. எம்மால் துன்புற்ற மக்களே, உங்கள் நாட்டில் எம் கைகளால் சிறிது நன்மை செய்ய எமக்கு இடம் தாருங்கள் என்பதே அது. இதில் ஒரு நுட்பம் உண்டு. உதவ வருகிறோம் என்று அவர் சொல்லவில்லை. இடம் தாருங்கள் என்று இரந்தார்.  போலந்தும் இஸ்ரேலும் உடனே கதவு திறக்கவில்லை. முதலில் நெதர்லாந்திலும் நார்வேயிலும் வேலை செய்தனர். குண்டுவீச்சில் இடிந்த இங்கிலாந்தின் காவெண்ட்ரி பேராலயத்துக்கு 1961-இல் சென்று கற்களை அடுக்கினர். அவ்வாண்டிலேயே இஸ்ரேலின் கதவும் திறந்தது. ஆஷ்விட்ஸ் முகாம் இருந்த போலந்து ஊரில், இளைஞர் சந்தித்துப் பேசுவதற்கான நிலையத்தை 1986-இல் திறக்கும்வரை அவர்கள் பொறுமையோடு காத்திருந்தனர். காத்திருத்தலும் தொண்டின் ஒரு பகுதியே.

தம்பியரே, தங்கையரே! இதனை மனத்தில் கொண்டு உங்களுக்குச் சில சொல்கிறோம். அறிவுரை என்று கொள்ளாமல், பயண மூட்டையில் வைத்துக் கட்டும் புளிச்சோறு என்று கொள்ளுங்கள்.

முதலாவது, நீங்கள் செய்யப்போகும் வேலையால் அந்நாடு உயர்ந்துவிடும் என்று எண்ண வேண்டா. சுவர் எழுப்பும் கொத்தனார் அங்கேயும் உண்டு. உங்களைவிட நன்றாகவும் எழுப்புவார். சுவர்தான் நோக்கமானால் பயணச் செலவைப் பணமாக அனுப்புவதே மேல். அநாதை விடுதியில் இரண்டு வாரம் பாடம் சொல்வோம் என்றும் எண்ண வேண்டா. பிள்ளைகள் விடுதியில் அன்று, குடும்பங்களிலேயே வளர வேண்டும் என்று 2012 முதல் அந்நாடு விடுதிகளை மூடி வருகிறது. வந்து அன்பு காட்டி, பழகிய பின் பிரிந்து போகும் ஒவ்வொருவரும், முன்பே பிரிவால் நொந்த குழந்தைக்கு மற்றொரு பிரிவைத் தந்து செல்கிறார். செய்ய விரும்பினால் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரார் அனைவரும் கூடிப் பாதை செப்பனிடுவர், மரம் நடுவர், வீடு இல்லாதார்க்கு வீடு கட்டுவர். உமுகாண்டா என்பது அதன் பெயர். கொலை நடந்த நாட்களில், கொலையையே வேலை என்று கூறி ஊரார் அழைக்கப்பட்டனர். அன்று ஒன்றுகூடி வெட்டிய கைகள் இன்று ஒன்றுகூடி மண் வெட்டுகின்றன. அந்த வரிசையில் நீங்களும் ஒரு மண்வெட்டியோடு நில்லுங்கள். தலைவராக அன்று, வரிசையில் ஒருவராக.

இரண்டாவது, நினைவிடங்களில் பேச்சைக் குறையுங்கள். கிகாலியின் கிசோசி குன்றில் இரண்டரை இலட்சம் பேர் உறங்குகின்றனர். அங்கே குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. படத்தின் கீழே பெயரும், விரும்பிய தின்பண்டமும், விரும்பிய விளையாட்டும், இறந்த விதமும் எழுதப்பட்டிருக்கும். நியாமாட்டா தேவாலயத்தில் மடிந்தவர் உடைகளை வைத்துக் காக்கின்றனர். கிசோசி, நியாமாட்டா, முராம்பி, பிசெசெரோ ஆகிய நான்கு இடங்களையும் 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவை சுற்றுலா இடங்கள் அல்ல; அயலார் வீட்டுத் துக்கம். துக்க வீட்டில் நாம் படம் எடுப்பதில்லை. தலையை மூடிக்கொண்டு, சற்று உட்கார்ந்து, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம். அந்த முறை உங்களுக்குத் தெரிந்ததே.

மூன்றாவது, நீ ஹூட்டுவா, டூட்சியா என்று எவரையும் கேளாதீர்கள். சாலைத் தடையில் கேட்கப்பட்ட கேள்வி அது. இன்றைய அட்டையில் அச்சொல் இல்லை. கதையைச் சொல் என்றும் கேளாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்; இடையில் நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள்.

நான்காவது, மன்னிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். தீங்கு செய்தவர் நாணும்படி நன்மை செய்துவிடுக என்ற கருத்தை வள்ளுவர் நமக்குத் தந்தார். அதனை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அந்நாட்டில் ம்பியோ என்றோர் ஊர் உண்டு. கொன்றவரும் பிழைத்தவரும் ஒன்றாகச் செங்கல் அறுத்து, வீடு கட்டி, அடுத்தடுத்து வாழ்கின்றனர். அது வியப்பே. ஆயினும் மன்னிக்க இயலாமல் வாழ்பவரும் அந்நாட்டில் உண்டு. அவர் சிறியவர் அல்லர். மன்னிப்பு அவர் வீட்டுச் சொத்து. அதைக் கொடு என்று கேட்க அயலார் யார்?

பெரியோர்களே! இவ்வளவும் சொன்ன பின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இதையெல்லாம் சொல்ல நாங்கள் யார்? எங்கள் கை தூய்மையானதா?

1984 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்டார். அடுத்த மூன்று நாட்களில் இந்தத் தில்லி மாநகரில் சீக்கியர் 2,733 பேர் கொல்லப்பட்டனர் என்பது அரசின் கணக்கு. ருவாண்டாவில் நடந்ததையும் இதனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் வரவில்லை. அண்டை வீட்டார் என்ன செய்தனர் என்ற ஒரு கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது.

அந்நாளில் நம் குடியிருப்பின் வாயிலில் ஒரு டாக்சி ஸ்டாண்டு இருந்தது. மூத்தோர் பலர்க்கு நினைவிருக்கும். கயிற்றுக் கட்டில் நான்கு, தகரக் கொட்டகை ஒன்று, கறுப்பும் மஞ்சளுமான வண்டிகள் ஐந்தாறு. ஊருக்குப் போகும்போது ஜி. டி. எக்ஸ்பிரஸைப் பிடிக்க நம்மை ரயிலடியில் சேர்த்தவர்கள் அந்தச் சர்தார்ஜிகள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவர்களும் அவர்களே. இந்த அவையில் அமர்ந்திருக்கும் சிலர் அந்த வண்டிகளில் ஏறியே இவ்வுலகுக்கு வந்தனர். நவம்பர் முதல் நாள் காலையில் ஒரு கூட்டம் வந்தது. கொட்டகை எரிந்தது, வண்டிகள் எரிந்தன. நாங்கள் மாடியில் நின்று பார்த்தோம். பிறகு உள்ளே சென்று தாழிட்டுக்கொண்டோம். நாம் வெளியூரார், நமக்கேன் வம்பு என்று சொல்லிக்கொண்டோம். கதவு தட்டும் ஒலி கேட்டது. எழுந்து திறக்கவில்லை.

நம் குடியிருப்பில் ஒரே ஒரு வீடு திறந்தது. அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர், ஓட்டுநர் இருவரைத் தம் சமையலறையில் மூன்று இரவுகள் மறைத்து வைத்தார். எங்களுக்கும் ஆபத்தாகும், அனுப்பிவிடுங்கள் என்று அவரிடம் கூறியவர்கள் நாங்கள். அவர் பதில் பேசவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மையார் இன்று இல்லை. ருவாண்டாவில் சூலா கருஹிம்பி என்றொரு மூதாட்டி இருந்தார். நாட்டு மருத்துவம் பார்த்தவர். தம் சிறு குடிசையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒளித்து வைத்து, கொலைஞர் வந்தபோது தம்மை மந்திரக்காரி என்று நம்ப வைத்து, பேய்களை ஏவிவிடுவேன் என்று அச்சுறுத்தி விரட்டினார். 2018-இல் காலமானார். அவரைப் பற்றிப் படித்த அன்று, எங்கள் நெஞ்சில் தோன்றியது அந்தத் தட்டச்சர் அம்மையாரின் சமையலறைக் கதவே. அவரை இந்தச் சங்கம் ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை. பாராட்டினால், திறக்காத மற்றக் கதவுகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்குமே!

ஓட்டுநர்களுள் ஒருவர் அமைதி திரும்பிய பின் வந்தார். எரிந்த தகரத்தைப் புரட்டிப் பார்த்தார். எங்களைக் கண்டு கைகூப்பினார். நாங்களும் கைகூப்பினோம். ஒரு சொல்லும் எழவில்லை. அவர் போய்விட்டார். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தச் சொல் இன்னும் எங்கள் தொண்டையில்தான் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, எங்கள் விடை இது. பிள்ளைகளை அனுப்புங்கள். மயானத்தைக் காட்டவா என்று கேட்டீர்கள். மயானத்தைக் காணாமல் வளர்ந்த தலைமுறைதான் தாழிட்டுக்கொண்டது. அங்கே அவர்கள் கற்கப்போவது ருவாண்டாவை மட்டும் அன்று. வானொலியில் ஒரு மக்களைப் பூச்சி என்று சொல்லும் நாளிலேயே அதனை மறுக்க வேண்டும் என்பதையும், கதவு தட்டப்படும் இரவுக்கு முன்னரே நெஞ்சைத் திறந்து பழகியிருக்க வேண்டும் என்பதையும் கற்பர். இன்று அந்த வானொலி ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசியாக இருக்கிறது. நம் குடியிருப்புக் குழுவிலும் சில வேளை அக்குரல் கேட்கிறது. நாம் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறோம். ஆதலால் இப்பயணத்தை அவர்களுக்குச் செய்யும் தொண்டு என்று பெயரிடாமல், நமக்குக் கிடைக்கும் கல்வி என்றே பெயரிடுவோம். கல்வி நிதியிலிருந்து உதவுவதற்கும் அப்போது தடை இராது.

ஆனால் ஒரு நிபந்தனை. பயணம் கிகாலியில் தொடங்க வேண்டா, இங்கே தொடங்கட்டும். இதே நகரின் மேற்கில் திலக் விகார் என்னும் இடத்தில், 1984-இல் கணவரை இழந்த பெண்களுக்கு அளித்த குடியிருப்பு இருக்கிறது. விமானம் ஏறுமுன் அங்கே செல்லுங்கள். இடம் கேட்டுச் செல்லுங்கள். அவர்கள் வரச்சொன்னால் மட்டும் செல்லுங்கள். உங்களோடு நாங்களும் வருகிறோம். நீங்கள் முன்னே நடவுங்கள். நாங்கள் பின்னே வருவோம். அந்த டாக்சி ஸ்டாண்டின் ஓட்டுநர்களுள் எவரேனும், அவர்தம் மக்களேனும் எங்கிருக்கின்றனர் என்று தேடும் வேலையையும் இவ்வாண்டு சங்கம் மேற்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறோம். கண்டுபிடித்தால் மன்னிப்புக் கேட்பதற்கு முன், அன்று சொல்லாத அந்த ஒரு சொல்லைச் சொல்வோம். கண்டோம், திறக்கவில்லை என்பதே அது. அதைக் கேட்ட பின் அவர்கள் என்ன சொல்வர் என்பது அவர்கள் உரிமை.

தம்பியரே, தங்கையரே! சென்று வாருங்கள். திரும்பி வந்த பின், அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நின்று பேசுங்கள். நாங்கள் கீழே அமர்ந்து கேட்கிறோம்.